'நைஸ்' என்ற சொல்லுக்குப் பதிலாக என்ன எழுதலாம்?
வணக்கம். தொடக்கநிலை 4 படிக்கும் என் மகள் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்காவுக்குப் போய்வந்ததைப் பற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரையில் காற்று நைஸ், சாத்தே (குச்சியில் செருகிச் சுட்ட இறைச்சி) நைஸ், சைக்கிள் வாடகைக்கு விட்ட அங்கிளும் நைஸ். ஆசிரியர் ஆறு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு வேறு சொல் கேட்டிருக்கிறார். சாத்தேக்கு டெலிஷியஸ், அங்கிளுக்குக் கைண்ட், சரி. காற்றுக்கு பிளெசன்ட் பொருந்துமா, ரிஃப்ரெஷிங்கா?

அப்புறம் இன்னொன்று. பாட்டி 'மாவை நைசா அரை' என்கிறார், மாமா 'நைசா நழுவிட்டான்' என்கிறார், எல்லாம் ஒரே சொல்லா என்று கேட்கிறாள். லத்தீனில் 'அறியாத' என்று தொடங்கி, இடைக்கால ஆங்கிலத்தில் 'முட்டாள்தனமான' என்றிருந்து, பிறகு 'நுட்பமான' என்றும் ஆன கதையைச் சொன்னேன், கண்ணை விரித்துக் கேட்டாள். மாவின் நைஸ் அந்த நுட்பத்தோடு சேர்ந்ததா? பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்களேன், வெள்ளிக்கிழமை திருத்திக் கொடுக்கவேண்டும்.