பழைய சத்திரம் – படிப்பகக் குழு

செல்வி அக்கா: மாடி ஹாலுக்கு மேல இருக்கிற மெட்ராஸ் டெரஸ் (தேக்குக் கட்டை மேல செங்கல், சுண்ணாம்புல போட்ட கூரை) ஒழுகுது. பேத்துட்டு கான்கிரீட் போடலாம்ங்கிறாங்க. மேஸ்திரி அண்ணே?

மேஸ்திரி அண்ணன்: அவசரப்படாதீங்கம்மா. முதல்ல தேக்குக் கட்டையோட முனையப் பாருங்க. நடுவுல கல்லு மாதிரி இருக்கும், செவுத்துக்குள்ள புதைஞ்ச ஒரு சாண்தான் ஓதம் ஏறி மக்கும். திருப்புளியால குத்துங்க. பொசுக்குன்னு இறங்குனா போச்சு.

எஞ்சினியர் தம்பி: முழுக் கட்டையையும் மாத்தணுமாண்ணே?

மேஸ்திரி அண்ணன்: வேணாம் தம்பி. கீழ முட்டு குடுத்துட்டு, நல்ல மரம் வர்ற வரை அறுத்து, பழைய தேக்கையே ஒட்டுப்போட்டு, ரெண்டு பக்கமும் இரும்புப் பட்டை வெச்சு போல்ட் முடுக்கலாம். முனையச் சுத்தி விரல் அகலம் காத்து போகணும். சிமெண்ட் வெச்சு அடைச்சா திரும்ப மக்கும்.

செல்வி அக்கா: ஒழுகல்?

மேஸ்திரி அண்ணன்: மேல ஒரு அடி சதுரம் வெட்டிப் பாக்கணும். ஒழுகுறப்பல்லாம் சாந்தும் ஓடுமா ஏத்தியிருப்பாங்க.

எஞ்சினியர் தம்பி: 3 அங்குலம் ஏறினாலே சதுர மீட்டருக்கு 140 கிலோ கூடுதல் எடை 😬

பெரியப்பா: புதுச்சேரி மேரி கட்டடம், அந்தப் பழைய நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் மழையில சரிஞ்சது ஞாபகம் இருக்குல்ல? இப்ப நிக்கிறது புதுசாக் கட்டினது. மழைக்கு முன்னாடி முடிங்கப்பா.

மேஸ்திரி அண்ணன்: சரிங்கய்யா. பழைய பாரத்த இறக்கிட்டு, கட்டை மேல சின்ன செங்கல்ல குத்துவாட்டுல, மூலைவாட்டமா, சுண்ணாம்புச் சாந்துல அடுக்கணும். அது மேல 3 அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காய், வெல்லத் தண்ணி தெளிச்சு மரக்கட்டையால அடிக்கணும். அடிக்கிற கட்டை எகிறுற வரைக்கும் விடக்கூடாது. இங்கதான் ஆளுங்க ஏமாத்துவாங்க, பக்கத்துலயே நில்லுங்க. கடைசியா தட்டோடு ரெண்டு வரிசை, இணைப்பு மேல இணைப்பு வராம. தண்ணி வடியுற தாரைப் பக்கம் சாய்வு முக்கியம்.

செல்வி அக்கா: கீழ செவுத்துல உப்பு பூக்குதே?

மேஸ்திரி அண்ணன்: சிமெண்ட் பூச்சுதான் காரணம், ஈரத்த வெளிய விடாது. உரிச்சு நல்லா காயவிட்டு, சுண்ணாம்பு 1, மணல் 3 போட்டு மெல்லிசா பூசுங்க. ஆயில் பெயிண்ட் வேணாம்.

செல்வி அக்கா: அப்புறம் புத்தக அலமாரியெல்லாம் மாடியில வெச்சிடலாம்.

எஞ்சினியர் தம்பி: அக்கா, கூடவே கூடாது! வீட்டு அறைக்கு தரை சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்கணும்னு கணக்கு, புத்தகக் கிடங்குக்கு 600. அலமாரி எல்லாம் கீழ, தரை மேல.

செல்வி அக்கா: அப்ப மாடியில ஆண்டுவிழா?

எஞ்சினியர் தம்பி: நாற்காலி நகத்துற கூட்டத்துக்கு 500 😄 விழா முற்றத்துல. வகுப்புன்னாலும் 300 வேணும், மாடித் தரையத் தாங்குற கட்டையோட அளவு, இடைவெளி எடுத்துக் கணக்குப் போட்டுட்டு சொல்றேன்.

மேஸ்திரி அண்ணன்: ஞாயித்துக்கிழமை ஏணியும் டார்ச்சும் கொண்டாரேன். அதுக்குள்ள யாரும் மொட்டை மாடிக்கு ஏறாதீங்க.