ஜப்பான் அரக்குப் பலகை பதித்த பிரெஞ்சு மேசைகள்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். பாரிஸில் பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் ஆறு வருஷம் எடுபிடியாக இருந்தேன். ஒருநாள் முதலாளி, "கொமோட் வந்திருக்கிறது, இறக்கு" என்றார். நம் காதுக்கு அது வேறு சாமான்! அங்கே அது இழுப்பறை வைத்த தாழ்வான மேசை. முகப்பு முழுக்கக் கறுப்பு அரக்கு, அதில் பொற்பொடியால் மலை, பைன் மரம், ஒரு படகுக்காரன். சுற்றிலும் தங்கமுலாம் பூசிய வெண்கலக் கொடிகள். 1750 வாக்கில் செய்தது என்று உரிமையாளர் சொல்லி அனுப்பியிருந்தார்.

முதலாளி வெண்கலச் சட்டத்தின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டத்தைத் தூக்கினார். அடியில் ஒட்டு! படகுக்குக் கொஞ்சம் கீழே ஜப்பான் பலகை முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் நாலு விரல் அகலத்துக்கு, விட்ட இடத்திலிருந்து யாரோ பிரெஞ்சுக்காரர் அலையைத் தொடர்ந்து வரைந்திருக்கிறார். நேரே நின்று பார்த்தால் தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தபோதுதான் தெரிந்தது: ஜப்பான் பகுதி கிணற்றுத் தண்ணீர் போல ஆழமாக இருக்கிறது, பிரெஞ்சு வார்னிஷ் பழுப்பேறி மேலாக நிற்கிறது.

ஏன் இந்தப் பாடு என்றால், ஜப்பான் அரக்கு ஒரு மரத்தின் பால். அந்த மரம் ஐரோப்பாவில் கிடையாது. (நாம் முத்திரை வைக்கிற அரக்கு பூச்சியிலிருந்து வருவது. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிக் குழப்பிக்கொள்கிறோம்.) அதனால் பாரிஸ் வியாபாரிகள், டச்சுக்காரர் நாகசாகியிலிருந்து ஏற்றிவந்த பெட்டி, அலமாரிகளை வாங்கிப் பிரித்துவிடுவார்கள். அரக்கு முகத்தை மட்டும் சில மில்லிமீட்டர் கனத்தில் அறுத்து, முதுகை இழைத்து மெலிதாக்கிப் புது மேசையில் ஒட்டுவார்கள். நல்ல பெட்டியை உடைத்தார்களே என்று எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஆனால் 1737-ல் பிரெஞ்சு ராணி மரி லெக்சின்ஸ்காவுக்காக பெர்னார் வான் ரீசன்பர்க் என்ற தச்சர் செய்த கொமோட் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தட்டையான பலகையைப் புடைத்த முகப்புக்கு வளைத்திருக்கும் அழகைப் பார்த்தால் கோபம் பாதி போய்விடும். பலகை போதாத இடத்தை வார்னிஷ் நிரப்பும், ஒட்டை வெண்கலம் மறைக்கும். அந்த வெண்கலம் வெறும் ஆடம்பரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

சரி, எங்கள் கொமோட்? கழற்றிய திருகாணிகளை முதலாளி என் உள்ளங்கையில் கொட்டினார். எல்லாம் ஒரே அச்சு, கூர்முனை, எந்திரத்தில் செய்தவை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி என்றார். மூன்றாம் நெப்போலியனின் மனைவி பேரரசி யூஜெனி காலத்தில் பழைய அரசர் காலத்துப் பாணிகள் மறுபடி மோஸ்தராகி, பிறகு ஆன்றி தாசோன், பேர்தலே, லின்க் போன்ற பாரிஸ் மரச்சாமான் கலைஞர்கள் அந்த வேலையை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். அதைப் போலி என்று சொல்ல முதலாளி விடமாட்டார். தாசோன் தன் பெயரையும் வருஷத்தையும் வெண்கலத்திலேயே வெட்டி வைப்பாராம், ஒளிப்பவன் அப்படிச் செய்வானா என்பார். உரிமையாளருக்கு என்னவோ முகம் விழுந்துவிட்டது.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். தூசி என்று ஈரத்துணியால் ஒரு மூலையைத் துடைத்தேன். வெளிச்சம் பட்டுப் பட்டு நொந்துபோன அரக்கு, தண்ணீர் பட்டதும் வெளுத்துவிட்டது. அன்று வாங்கிய திட்டு!

*

அண்ணா, இதைப் படித்துவிட்டு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போனேன். பிரெஞ்சு ராணி மரி அந்துவானெத்தின் வெர்சாய் அரண்மனை அறைக்காக ரீசனர் என்ற தச்சர் 1783-ல் செய்த எழுத்து அலமாரியும் கொமோட்டும் அங்கே இருக்கின்றன. கறுப்பு அரக்கின் மேல் வெண்கலப் பூச்சரம், ஒவ்வொரு இதழும் தனித்தனி. "இது சாமி பீரோவாம்மா?" என்று கேட்டாள் என் மகள். ஒட்டைத் தேடிக் குனிந்தேன், காவலர் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். அந்த ராணிக்கு அரக்குப் பைத்தியம் அம்மா வழி வந்தது என்று படித்தேன். மரியா தெரேசா 1780-ல் இறந்தபோது மகளுக்கு விட்டுப்போனதில் ஜப்பான் அரக்குப் பெட்டிகளும் உண்டாம்.

*

என் பங்குக்குச் சின்ன விஷயம். பாரிஸில் ஒரு ஏல முன்காட்சியில் 'கோரமண்டல் அரக்கு' என்று சீட்டு ஒட்டியிருந்தது. நம் சோழமண்டலக் கரைதான்! உற்சாகமாக விசாரித்தால், சீனத்தில் செதுக்கி வண்ணம் தீட்டிய மடிப்புத் திரைகளாம். நம் கரைத் துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறியதால் அந்தப் பெயர். வேலை அவர்களுடையது, பெயர் மட்டும் நம்முடையது.

*

தங்கச்சி, அடுத்த முறை குனிய வேண்டாம். வெளிச்சம் உனக்கு எதிரே இருக்கிற மாதிரி ஓரமாகத் தள்ளி நின்று பார். மினுமினுப்பு எந்த இடத்தில் மாறுகிறதோ, அங்கே வெண்கலம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்து எழுது.