ஒரே கூரையின் கீழ் ரெக்டரும் பாக்கும்

லைப்சிக்கிலிருந்து:

ஆறு ஆண்டுகளாக இந்த ஜெர்மன் ஊரில் வேலை. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தூய தோமா ஆலயத்தில் பையன்கள் பாடுவார்கள். சனிக்கிழமை மூன்று மணிக்கும் உண்டு. வாசலில் சில யூரோ கொடுத்து நிகழ்ச்சித் தாளை வாங்கினால் அதுவே டிக்கெட். பாடகர் குழு நிற்பது மேற்குப் பக்க மாடத்தில். பீடத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்குப் பாட்டு முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலிருந்து இறங்கும்.

போன டிசம்பரில் என் பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாட்டு நடக்கும்போது அவருடைய கட்டைவிரல் தொடையில் அடி போட்டுக்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் பையன்கள் நுழைவதற்கு அரை நொடி முன்பே அவர் மூச்சை இழுத்தார். அப்போதே புரிந்துவிட்டது. வெளியே வந்து கேட்டேன். ஒன்பது வயதில் அந்தப் பாடகர் குழுவின் தோமா பள்ளியில் சேர்ந்து பதினெட்டு வயதில் வெளியே வந்தவராம். பாடும் பையன்கள் தங்கும் விடுதிக்கு இன்றும் 'பெட்டி' என்றுதான் பெயர். "ரெக்டர் முகம்கூட மறந்துவிட்டது. காலையில் போர்வையை உருவிய பிரிபெக்டை மறக்க முடியவில்லை" என்றார். ரெக்டர் என்றால் தலைமையாசிரியர். பிரிபெக்ட் என்றால் சின்னப் பையன்களை மேய்க்கும் மூத்த மாணவன்.

பிறகு அவர் ஆரம்பித்ததுதான், இசையமைப்பாளர் பாக்குக்கும் அந்தப் பள்ளியின் ரெக்டருக்கும் 1736-இல் நடந்த சண்டை. குளிரில் நின்றபடியே முக்கால் மணி நேரம் சொன்னார். வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன்.

1212-இல் தொடங்கிய பள்ளி அது. 1723 முதல் 1750-இல் இறக்கும்வரை பாக் அங்கே காண்டராக இருந்தார். பாட்டு ஆசிரியர், நகரத்து ஆலயங்களின் இசைக்கும் பொறுப்பு. பள்ளிக் கட்டடத்தின் ஒரு சிறகில் அவர் குடும்பம், மறு சிறகில் ரெக்டர் குடும்பம், நடுவில் பையன்கள். 1730-இல் கெஸ்னர் ரெக்டராக வந்தார். வைமார் நகரத்தில் இருந்தபோதே பாக்கை அறிந்தவர். அவர் காலத்தில்தான் கட்டடத்துக்கு மாடிகள் ஏறின. 1732-இல் நடந்த திறப்பு விழாவுக்கு பாக் புதிதாக ஒரு கான்டாட்டா, அதாவது குரலும் வாத்தியமும் சேர்ந்த இசை, எழுதிக் கொடுத்தார். நாலே ஆண்டு. கெஸ்னர் கோட்டிங்கனுக்குப் பேராசிரியராகப் போய்விட்டார். துணை ரெக்டராக இருந்த எர்னெஸ்தி, 27 வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

இங்கே உறவைக் கவனியுங்கள். 1733-இல் பிறந்து மறுநாளே இறந்துபோன பாக்கின் மகனுக்கும், 1735-இல் பிறந்த கடைசி மகன் யோகான் கிறிஸ்தியானுக்கும் இந்த எர்னெஸ்திதான் ஞானத்தகப்பன். அடுத்த ஆண்டே சண்டை.

ஒரு கல்யாணத்தில் பாடப் போன இடத்தில் பையன்கள் ஆட்டம் போட, முதல் பிரிபெக்ட் அளவுக்கு மீறி அடித்துவிட்டான். எல்லோர் முன்னிலையிலும் அவனுக்குப் பிரம்படி என்று எர்னெஸ்தி தீர்ப்புச் சொன்னார். பாக் மன்றாடியும் பயனில்லை. அவமானத்துக்கு அஞ்சி அவன் பள்ளியை விட்டே ஓடிவிட்டான். அவன் இடத்தில் ரெக்டர் நியமித்தவன் இசையில் மட்டம் என்று பாக் சொன்னார். (இருவருக்கும் குடும்பப் பெயர் கிரவுசே. ஆவணங்களைப் படிக்கிறவனுக்குத் தலை சுற்றும்.) பிரிபெக்டை நியமிப்பது காண்டரின் உரிமை என்றார் பாக், என் பள்ளி, என் மாணவன் என்றார் எர்னெஸ்தி. ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடக்கும்போதே பாக் அந்தப் பையனை மாடத்திலிருந்து விரட்டினார். ரெக்டரின் மிரட்டலால் வேறு எவனும் அவன் இடத்தில் நிற்கத் துணியவில்லை. தற்செயலாக ஆலயத்துக்கு வந்திருந்த பழைய மாணவர் கிரெப்ஸ் பாட்டை நடத்திக் கொடுத்தார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது, ரெக்டர் சொன்னதைக் கேட்டு நடந்த இன்னொரு பையனைப் பந்தியிலிருந்தே எழுப்பி அனுப்பினார் பாக்.

அந்தக் கிழவர் இதைச் சொன்னபோது பாக்கைப் பற்றியும் பேசவில்லை, எர்னெஸ்தியைப் பற்றியும் பேசவில்லை. "பந்தியிலிருந்து எழுப்பினால் அந்தப் பையன் ராத்திரி என்ன சாப்பிட்டிருப்பான்?" என்றுதான் கேட்டார்.

பாடகர் குழு உள்ள பள்ளியில் படித்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் தலைமையாசிரியரைப் பற்றி எழுதுங்கள்.

தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து:

அண்ணா, நான் படித்தது லுத்தரன் சபை விடுதிப் பள்ளி ஒன்றில், பெயர் வேண்டாம். பாடகர் பள்ளி என்று சொல்ல முடியாது. ஆனால் ஞாயிறு ஆராதனைக்கு ஆல்டோ, டெனர், பாஸ் என்று குரல் பிரித்துப் பாட விடுதிப் பையன்கள்தான் கதி.

பெரிய வெள்ளிக்கு மூன்று வாரம் இருக்கும். ஆர்மோனியத்தைச் சுற்றி நின்று பயிற்சி. தலைமையாசிரியர் வராந்தாவில் வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சாவி கொடுப்பார். அதற்கு, முழுப் பரீட்சை வருகிறது, எல்லோரும் படிப்பு அறைக்குப் போங்கள் என்று அர்த்தம். பாட்டு வாத்தியார் ஆர்மோனியத் துருத்தியை அமுக்கி மூடும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு நாள் வயலினும் கையுமாக நான் அகப்பட்டேன். "கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாசிக்கப் போகிறாயா?" என்றார். கணக்கில் நான் முப்பத்திரண்டு மார்க். பதில் சொல்ல வாய் எழவில்லை.

எர்னெஸ்தியும் வாத்தியம் பழகுகிற பையன்களைப் பார்த்து, சாராயக்கடைப் பிடில்காரனாகப் போகிறாயா என்று கேட்பாராம். இதைப் படித்த அன்று சிரித்துவிட்டேன். இருநூற்றைம்பது ஆண்டு, ஏழாயிரம் கிலோமீட்டர், கேள்வி அதே கேள்வி.

ஓய்வுபெற்ற பிறகு அவரை ஒரு பெரிய வெள்ளி ஆராதனையில் பார்த்தேன். எனக்கு முன் வரிசை. முள்முடிப் பாட்டு வந்தது. ஜெர்மானிய ஞானப்பாட்டு அது. பாக் தம் 'மத்தேயு பாடுகள்' என்ற பெரிய இசைப் படைப்பில் திரும்பத் திரும்பக் கொண்டுவரும் அதே மெட்டு. ஜெர்மனியின் ஹல்லே நகரத்திலிருந்து வந்த மிஷனரிகள் வழியே இங்கே வேரூன்றிய வகையைச் சேர்ந்தது. அவர்களில் ஒருவரான பாப்ரிசியுஸ் ஐயரின் பாட்டுப் புத்தகம் 1774-இல் வந்தது. அந்தக் காலத்திலிருந்தே ஜெர்மன் மெட்டுகள் எங்கள் நாக்கில் தமிழாகவே கிடக்கின்றன. தலைமையாசிரியர் புத்தகத்தைத் திறக்கவில்லை. பாஸ் பகுதியை முதல் சரணத்திலிருந்து கடைசிவரை மனப்பாடமாகப் பாடினார். ஒரு சுருதி பிசகவில்லை. ஐந்து வருடம் அந்த மனிதர் வராந்தாவில் நின்றது கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மட்டும்தானா என்று அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது. ஆராதனை முடிந்ததும் திரும்பி என்னை அடையாளம் கண்டுகொண்டார். "மூன்றாம் சரணத்தில் டெனர் இறங்கிவிட்டதே, நீதானே?" என்றார்.

நான்தான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்:

தம்பி, எர்னெஸ்தியைத் திட்டுவது எளிது. இருபத்தொரு ஆண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் என்ற முறையில் அவர் பக்கமும் நாலு வார்த்தை சொல்கிறேன்.

அவர் சாதாரண ஆள் இல்லை. பழைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் நூல்களைப் பதிப்பித்தவர். பிற்பாடு லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பள்ளி என்றால் இலக்கணமும் சிந்தனையும் என்று நம்பிய தலைமுறை. அவர் கையில் கொடுத்ததோ, தெருத்தெருவாகப் பாடிக் காசு வாங்கியும், கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஓடியும் வயிறு வளர்த்த பையன்கள். பாட வேளை எப்போது? பாக்கும் லேசுப்பட்டவர் இல்லை. லத்தீன் வகுப்பு அவர் வேலையில் சேர்ந்ததுதான். அதை ஆண்டுக்கு 50 தாலர் (அந்தக் கால வெள்ளிக் காசு) கொடுத்து வேறொருவர் தலையில் கட்டினார். காற்று நன்றாக இருந்து ஊரில் சாவு குறைந்துபோனதால் சாவுப் பாட்டு வரும்படியில் நூறு தாலருக்கு மேல் நஷ்டம் என்று 1730-இல் நண்பருக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு நகர மன்றத்துக்குக் கொடுத்த மனுவில் 54 பையன்களைத் தரம் பிரித்தார்: 17 பேர் பாட்டுக்குத் தேறுவார்கள், 20 பேர் இப்போதைக்கு ஆகாது, 17 பேர் உதவவே மாட்டார்கள். அந்தக் கடைசிப் பதினேழு பேருக்கும் பாடம் நடத்த வேண்டியவர் யார்? ரெக்டர்தான்.

என் பள்ளியிலும் ஆண்டு விழாப் பாட்டுக்காக ஒரு மாதம் வகுப்பைக் காலி செய்த ஆசிரியை ஒருவர் உண்டு. நான் மறுத்தேன். பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. விழாவன்று பிள்ளைகள் பாடியபோது முதல் வரிசையில் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபடி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். அடுத்த ஆண்டும் மறுத்தேன்.

ஆனால் பிரம்படித் தீர்ப்பு தவறு. ஓடத்தான் செய்வான் என்பது எந்தத் தலைமையாசிரியருக்கும் தெரியும்.

லைப்சிக்கிலிருந்து:

ஐயா, வணக்கம். நீங்கள் சொன்னதில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். சண்டைக்கு முடிவு என்று ஒன்றும் பெரிதாக வரவில்லை. அந்த நவம்பரில் பாக்குக்கு அரசவை இசையமைப்பாளர் பட்டம் கிடைத்தது. நகர மன்றம் இழுத்தடித்தது. 1737 ஈஸ்டரோடு ரெக்டர் நியமித்த பையனின் பள்ளிக்காலம் முடிய, வழக்கும் கரைந்துபோயிற்று. பாக் இறந்ததும், பள்ளிக்குக் காண்டர்தான் தேவை, அரசவை இசைத் தலைவர் இல்லை என்று மன்றத்தில் ஒருவர் பேசினார்.

கெஸ்னரைப் பற்றி ஒன்றை விட்டுவிட்டேன். கோட்டிங்கனுக்குப் போன பின், 1738-இல் ரோமானிய ஆசிரியர் குவின்டிலியனைப் பதிப்பித்தார். ஒரே நேரத்தில் ஒருவர் பல காரியம் செய்ய முடியுமா என்று வரும் இடத்தில் ஓர் அடிக்குறிப்புப் போட்டார். நீங்கள் பாக்கைப் பார்த்திருக்க வேண்டும், இரு கையும் இரு காலும் ஆர்கனில் ஓடும்போதே முப்பது நாற்பது பேரைத் தலையசைத்தும் காலால் தட்டியும் விரலை உயர்த்தியும் கட்டி மேய்ப்பார் என்று செத்துப்போன ரோமானியருக்கு லத்தீனில் சொல்கிறார். பழைய ரெக்டர் ஒருவர் தம் பாட்டு வாத்தியாருக்கு எழுதிய நற்சான்று அது. பக்கத்திலேயே நின்று பார்த்திராதவரால் அந்தக் காலடிச் சத்தத்தை எழுத முடியாது.

இன்னொருவர் தனியே கேட்டிருந்தார்: அந்தக் கட்டடம் இருக்கிறதா என்று. இல்லை. 1902-இல் இடித்துவிட்டார்கள். பாக் குடியிருந்த வீட்டின் கதவை மட்டும் காப்பாற்றி, அவர் பிறந்த ஐசனாக்கில் உள்ள அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

ரெக்டர் வீட்டுக் கதவு?