டக் டைப்பிங்கா, ஸ்ட்ராங் டைப்பிங்கா: பைத்தான் லைப்ரரிக்கு எது சரி?

கேள்வி:
பைத்தானில் ஒரு டேட்டா இம்போர்ட் லைப்ரரி. முக்கிய ஃபங்ஷனுக்கு வருவது டிஸ்கில் உள்ள ஃபைலாக இருக்கலாம், நெட்வொர்க் ஸ்ட்ரீமாக இருக்கலாம், மெமரி பஃபராகவும் இருக்கலாம். ரீட் மெத்தட் இருந்தால் ஓடும், அவ்வளவுதான்; வகையைப் பார்க்காத இந்த முறைதான் டக் டைப்பிங். தவறான ஆப்ஜெக்ட் வந்தால் பிழை நாலு ஃபங்ஷன் தள்ளி எங்கேயோ வெடிக்கிறது. டக் டைப்பிங்கை விட்டு ஸ்ட்ராங் டைப்பிங்குக்குப் போகலாமா? எல்லா ஃபங்ஷனிலும் ஐஸ்இன்ஸ்டன்ஸ் (ஆப்ஜெக்ட் இன்ன வகையா என்று சோதிக்கும் ஃபங்ஷன்) போடுவதுதான் வழியா?

பதில் 1:
முதலில், இவை இரண்டும் எதிரெதிர் அல்ல. பைத்தான் ஏற்கெனவே ஸ்ட்ராங்தான். "3" என்ற ஸ்ட்ரிங்கோடு 4 என்ற எண்ணைக் கூட்டினால் டைப்எரர் தரும். ஜாவாஸ்கிரிப்ட் மூச்சுவிடாமல் "34" என்று ஒட்டிக் கொடுத்துவிடும். அதைத்தான் வீக் என்கிறோம். டைப்பை ஓடும் முன் பார்ப்பதா, ஓடும்போது பார்ப்பதா என்பது வேறு கேள்வி: ஸ்டாட்டிக், டைனமிக். சி ஸ்டாட்டிக், ஆனால் வீக்: பாயிண்டரை காஸ்ட் செய்துவிட்டால் கம்பைலர் கைகழுவிவிடும்.

டக் டைப்பிங்குக்கு உண்மையான எதிர் நாமினல் டைப்பிங். ஜாவாவில் இம்ப்ளிமென்ட்ஸ் என்று பெயர் சொல்லி எழுதினால்தான் இன்டர்ஃபேஸ் ஏற்கும். கோ மொழியில் மெத்தடுகள் பொருந்தினாலே போதும், ஆனால் அதைக் கம்பைலரே பார்த்துவிடும். உங்களுக்கு வேண்டியது இந்த வகைதான்.

பதில் 2:
ஐஸ்இன்ஸ்டன்ஸை எங்கும் தெளிக்காதீர்கள். ஐஓபேஸ் (பைத்தானின் ஃபைல் வகைகளுக்கான அடிப்படை கிளாஸ்) வகையா என்று சோதித்தால் டெம்ப்ஃபைல் மாட்யூலின் நேம்ட்டெம்ப்ரரிஃபைல் தரும் ஆப்ஜெக்ட்டே தோற்றுவிடும். அது ஃபைலைச் சுற்றிய ஒரு உறை, ஐஓபேஸின் வாரிசு அல்ல. சரியான ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பிய கதைதான்.

டைப்பிங் மாட்யூலில் புரோட்டோகால் இருக்கிறது (பைத்தான் 3.8, 2019). அதிலிருந்து ஒரு கிளாஸ் எழுதி, ரீட் என்ற மெத்தட் இன்ட் வாங்கி பைட்ஸ் தரும் என்று மட்டும் குறியுங்கள். யாரும் அதிலிருந்து இன்ஹெரிட் செய்ய வேண்டியதில்லை. டெக்ஸ்ட் மோடில் திறந்த ஃபைலைக் கொடுத்தால் ரீட் ஸ்ட்ரிங் தருகிறதே என்று மைபை (கோடை ஓட்டாமலே டைப்புகளைச் சோதிக்கும் கருவி) சொல்லிவிடும். இதில் ஒரு பொறி: பாராமீட்டரின் பெயரும் ஒத்துப்போக வேண்டும் என்று சில டைப் செக்கர்கள் எதிர்பார்க்கும். நீங்கள் சைஸ் என்றும் மற்றவர் என் என்றும் எழுதியிருந்தால் அவை பொருந்தாது என்று சொல்லும். பாராமீட்டருக்குப் பின் ஒரு சாய்கோடு போட்டு பொசிஷனல்-ஒன்லி ஆக்கினால் தீர்ந்தது.

கேட்டவர்:
லைப்ரரியைப் பயன்படுத்துபவர் மைபை ஓட்டவில்லை என்றால்? ரன்டைம்_செக்கபிள் (புரோட்டோகாலை ஓடும்போது ஐஸ்இன்ஸ்டன்ஸால் சோதிக்க விடும் குறி) போட்டால் போதுமா?

பதில் 2:
போதாது. அது மெத்தட்டின் பெயர் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். டெக்ஸ்ட் ஃபைலுக்கும் ரீட் உண்டே, தேறிவிடும். வெளியிலிருந்து நுழையும் அந்த ஒரே ஃபங்ஷனில் முதல் துண்டைப் படித்ததும் அது பைட்ஸா என்று பாருங்கள். இல்லையென்றால் வந்த டைப்பின் பெயரைச் சொல்லி டைப்எரர் எழுப்புங்கள். உள்ளே இருக்கும் மற்ற ஃபங்ஷன்களை மைபையிடம் விட்டுவிடலாம்.

பதில் 3:
மைபையும் கண்டுபிடிக்காத ஒன்று: காலம் (டேட்டாவின் நெடுவரிசை) பெயர்களுக்கு இட்டரபிள் ஆஃப் ஸ்ட்ரிங் என்று எழுதியிருந்தால், லிஸ்ட்டுக்குப் பதில் யாராவது வெறும் "விலை" என்று கொடுத்தாலும் ஒப்புக்கொள்ளும். ஸ்ட்ரிங்கே ஸ்ட்ரிங்குகளின் தொடர்தானே! பிறகு ஒவ்வொரு எழுத்தாகக் காலம் தேடும். லிஸ்ட் ஆஃப் ஸ்ட்ரிங் என்று குறுக்குங்கள். ரன்டைமிலும் ஸ்ட்ரிங் வந்தால் மறுத்துவிடுங்கள்.

ஜெனரேட்டர் (மதிப்புகளை ஒருமுறை மட்டுமே தரும் தொடர்) இதைவிட மோசம். ஃபங்ஷன் இரண்டு முறை சுற்றினால் இரண்டாவது முறை எதுவும் வராது, பிழைச் செய்தியும் வராது. உள்ளே வந்ததும் ஒரு லிஸ்ட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

டெஸ்டில் வெறும் மாக் (போலி) ஆப்ஜெக்ட் வேண்டாம். எந்த மெத்தடைக் கேட்டாலும் இருக்கிறது என்று தலையாட்டும். ரீடு என்று தப்பாக அடித்திருந்தாலும் டெஸ்ட் பச்சை காட்டும். கிரியேட்_ஆட்டோஸ்பெக் (அசலின் மெத்தடுகளைப் பார்த்து மாக் செய்து தரும் ஃபங்ஷன்) பயன்படுத்தினால் இல்லாத மெத்தடுக்கு அட்ரிபியூட்எரர் வரும், ஆர்குமென்ட் எண்ணிக்கை பிசகினாலும் நிற்கும்.