புதுப்பிப்பு: சம்பா தரிசில் தட்டைப்பயறு என்ன ஆனது?

தை மாதம் கேட்டிருந்தேன்: சம்பா அறுவடைக்குப் பின் உளுந்துக்குப் பதிலாக மாட்டுத் தீவனத்துக்குத் தட்டைப்பயறு போடலாமா என்று. உளுந்தை விடாதே என்றுதான் பாதிப் பேர் சொன்னீர்கள். விடவில்லை. முக்கால் ஏக்கர் உளுந்து, கால் ஏக்கர் தட்டைப்பயறு.

அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருந்தபோது, ரைசோபியம் (பயறு வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர் உரம்) கலந்த விதையை நிற்கும் நெல்லுக்குள்ளேயே தெளித்தேன். முளைப்பு நன்றாக இருந்தது. பிறகு அறுவடை இயந்திரம் வந்தது! அது ஓடிய தடமெல்லாம் முளை நசுங்கிவிட்டது. மறுபடி ஊன்றியும் பயனில்லை, ஈரம் போய்விட்டிருந்தது. மற்ற இடத்தில் பனி ஈரத்திலேயே கொடி படர்ந்தது.

ஐம்பதாம் நாள், பாதிச் செடி பூத்ததும் அறுத்தேன். அதற்கு மேல் விட்டால் தண்டு முற்றிவிடும்.

அடுத்துச் செய்ததுதான் என் முட்டாள்தனம். பச்சையாக ஒரு கூடை நிறையக் கொட்டினேன். சின்னப் பசுவுக்கு இரவே வயிறு உப்பிவிட்டது. மருத்துவர் வந்து காப்பாற்றினார். இப்போது வாட வைத்து, மூன்று பங்கு வைக்கோலுக்கு ஒரு பங்கு மட்டும்.

பால் அரை லிட்டர் கூடியிருக்கிறது. அதே வாரம் புண்ணாக்கையும் மாற்றினேன் என்பதால் முழுப் பெருமையும் பயறுக்குத் தர மனமில்லை.

மறுதாம்பு, அதாவது அறுத்த கட்டையிலிருந்து மறுபடி தழைப்பது, வருமா என்று கேட்டவருக்கு: எனக்கு வரவில்லை. திரும்பத் திரும்ப அறுக்க வேண்டுமானால் பல ஆண்டு நிற்கும் தீவனச் செடியான வேலிமசால்தான். வரப்பில் விதைத்திருக்கிறேன், ஆடுகள் விட்டு வைத்தால் எழுதுகிறேன்.