போர் விமானம் ஓட்டிப் பதக்கம் வாங்கிய கிரிக்கெட்டர் யார்?

அம்மாபேட்டை ஆஃப்ஸ்பின்:
காந்தி ஸ்டேடியத்தில் மேட்ச் முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது, இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டி வீரப் பதக்கம் வாங்கியவர் ஆஸ்திரேலியாவின் கீத் மில்லர்தான் என்று ஒருத்தர் அடித்துச் சொன்னார், இன்னொருத்தர் இல்லவே இல்லை, அது ஓர் இங்கிலாந்துக்காரர் என்கிறார். தட்டுவடை செட்டு பந்தயம். தெரிந்தவங்க சொல்லுங்க.

ஏற்காடு அடிவாரம்:
மில்லர் மஸ்கிட்டோ என்ற போர் விமானம் ஓட்டியது நிஜம், ஆனால் வீரப் பதக்கம் பில் எட்ரிச்சுக்குத்தான். இங்கிலாந்தில் மிடில்செக்ஸ் கவுண்ட்டி (மாவட்ட) அணி ஆட்டக்காரர். 1941-ல் டிஸ்டிங்விஷ்ட் ஃப்ளையிங் கிராஸ் கொடுத்தார்கள். ஓட்டியது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானம். உள்ளே மூன்றே பேர், பட்டப்பகலில் அலையை உரசுகிற மாதிரி தாழ்வாகப் போய் எதிரிக் கப்பல் மேல் குண்டு போடணும், கப்பல்காரன் சும்மா இருப்பானா, போனதில் பல விமானங்கள் திரும்பவே இல்லை. அதே வருஷம் ஆகஸ்ட் 12 அன்று ஜெர்மனியில் கொலோன் பக்கத்து மின் நிலையங்களைத் தாக்க 54 பிளென்ஹைம்கள் பகலிலேயே கிளம்பின, அதிலும் எட்ரிச் இருந்தார். அப்போது வயசு 25, விமானப்படையில் ஸ்குவாட்ரன் லீடர் பதவி.

நாலு ரோடு:
சரிங்கண்ணா, ஆட்டம் எப்படி? கவுண்ட்டியோடு சரியா?

ஏற்காடு அடிவாரம்:
39 டெஸ்ட், 2440 ரன், தம்பி. முதல் 11 இன்னிங்ஸில் மொத்தமே 88தான், இன்றைக்கு இருந்தால் நாமே மீம் போட்டுத் துரத்தியிருப்போம். அடுத்த இன்னிங்ஸ் 1939-ல் தென் ஆப்பிரிக்காவின் டர்பனில், நாள் கணக்கே இல்லாத டெஸ்ட், 696 இலக்கு, இவர் 219. இங்கிலாந்து 654-க்கு 5 என்று நிற்கும்போது ஊருக்குக் கப்பல் பிடிக்கணும் என்று டிராவாக்கிவிட்டார்கள்! போருக்குப் பிறகு 1947 சீசனில் மட்டும் 3539 ரன், அதே அணியின் காம்ப்டன் 3816 அடித்ததால் இவர் பெயர் மங்கிப்போனது.

செவ்வாய்ப்பேட்டை சார்:
குடி, கூத்து, ஐந்து கல்யாணம், அதையும் சொல்லுங்க. 1950-ல் டெஸ்ட் நடக்கும்போதே ராத்திரி ஊர் சுற்றியதால் ஆஸ்திரேலியா டூருக்கு எடுக்கவில்லை.

ஏற்காடு அடிவாரம்:
உண்மைதான் சார். ஆனால் நேற்று சேர்ந்து சாப்பிட்டவன் இன்று இல்லை என்கிற வேலையைப் பார்த்துவிட்டு வந்த ஆளிடம் பத்து மணிக்குப் படு என்றால் எடுபடுமா? 1953-ல் லண்டன் ஓவல் மைதானத்தில், ஆஸ்திரேலியாவிடமிருந்து 19 வருஷம் கழித்து ஆஷஸ் கோப்பை இங்கிலாந்துக்குத் திரும்பக் கிடைத்தபோது 55 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றதும் இதே ஆள்தான்.

அம்மாபேட்டை ஆஃப்ஸ்பின்:
நன்றிங்க. இவர் இந்தியாவில் ஆடியிருக்கிறாரா?

ஏற்காடு அடிவாரம்:
1937-38-ல் டென்னிசன் பிரபு அணியோடு வந்தார். சேப்பாக்கத்தில் நம்ம பவுலர் அமர்சிங் அந்த அணியைச் சுருட்டினார், நமக்கு இன்னிங்ஸ் வெற்றி.