கேட்ஸ்பியின் கனவு கேட்ஸ்பியுடையதுதானா?

பழுப்பு ஏடு:

‘தி கிரேட் கேட்ஸ்பி’யை நாலாவது முறையாக நேற்று முடித்தேன். கல்லூரியில் இந்த நாவலுக்கு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே விடைதான்: உழைத்தால் யாரும் மேலே வரலாம் என்ற அமெரிக்கக் கனவின் வீழ்ச்சி. அப்போது பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். இப்போது கேட்டால் எழுத மாட்டேன்.

படிக்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம். 1922 கோடைக்காலம், நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்ட். பங்குப் பத்திரத் தொழில் கற்க வந்த நிக் காரவே ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருக்கிறான். பக்கத்து மாளிகையில் கேட்ஸ்பி. ஓயாமல் விருந்து, ஆனால் பணம் எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாது. அக்கரையில் நிக்கின் தூரத்து உறவு டெய்சியும் அவள் கணவன் டாமும். ஐந்து வருடத்துக்கு முன் டெய்சியைக் காதலித்தவன் கேட்ஸ்பி. அவளைத் திரும்பப் பெறத்தான் இத்தனை ஆர்ப்பாட்டமும். கடைசியில் டெய்சி ஓட்டிய கார், டாம் தொடுப்பு வைத்திருந்த மிர்ட்டில் மேல் ஏறுகிறது. பழி கேட்ஸ்பி மேல் விழ, மிர்ட்டிலின் கணவன் அவனைச் சுட்டுவிட்டுத் தானும் சாகிறான். அமெரிக்க எழுத்தாளர் ஃபிட்ஸ்ஜெரால்ட் இதை வெளியிட்டது 1925ல்.

என் கேள்வி இதுதான். கேட்ஸ்பி ஓரிடத்திலாவது அமெரிக்காவைப் பற்றியோ கனவைப் பற்றியோ வாய் திறக்கிறானா? எல்லோரும் மேற்கோள் காட்டும் பச்சை விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். டெய்சியிடம், உங்கள் படகுத்துறை முனையில் ராத்திரி முழுக்க ஒரு பச்சை விளக்கு எரியுமே என்கிறான். அவன் சொல்வது அவ்வளவுதான். டச்சு மாலுமிகள் புது நிலத்தை முதன்முதலில் பார்த்து மலைத்து நின்றதையும் கேட்ஸ்பியின் மலைப்பையும் முடிச்சுப் போடுவது நிக். அதுவும் கடைசிப் பக்கத்தில், அவனைப் புதைத்த பிறகு, தனியாகக் கடற்கரை மணலில் கிடந்துகொண்டு. செத்தவன் எழுந்துவந்து மறுக்கவா போகிறான்?

சரி, இந்த நிக் எப்படிப்பட்டவன்? யாரையும் எடைபோட மாட்டேன் என்று தொடங்குகிறான். அப்புறம் ஒன்பது அத்தியாயமும் அவனுக்கு அதுதான் வேலை. எனக்குத் தெரிந்த நேர்மையான சிலரில் நானும் ஒருவன் என்று மூன்றாம் அத்தியாயத்தை முடிக்கிறான். அதற்குச் சற்று மேலேதான், ஊரிலிருக்கும் ஒரு பெண்ணுக்கு வாராவாரம் ‘அன்புடன் நிக்’ என்று கடிதம் போட்டுக்கொண்டே இங்கே டெய்சியின் தோழி ஜோர்டன் பேக்கரோடு சுற்றியதை ஒப்புக்கொண்டிருக்கிறான். காரை ஓட்டியது டெய்சி என்று தெரிந்தும் டாமிடம்கூட அதைச் சொல்லவில்லை. இவன் வரைந்த படத்தை வைத்துக்கொண்டுதான் நூறு வருடமாக நாம் அமெரிக்கக் கனவு என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

சாக்பீஸ்:

நாலு முறை படித்தவர் ஒன்பதாம் அத்தியாயத்தை மட்டும் நாலு முறையும் தூக்கக் கலக்கத்தில் படித்தாரோ?

இறுதிச் சடங்குக்குக் கேட்ஸ்பியின் அப்பா ஹென்றி காட்ஸ் மினசோட்டாவிலிருந்து வருகிறார். மகனின் சிறுவயதுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டுகிறார். ‘ஹோபலாங் காசிடி’, குதிரைவீரன் கதை. அதன் கடைசி வெற்றுத்தாளில் பையன் எழுதிய நேர அட்டவணை இருக்கிறது. தேதி 1906 செப்டம்பர் 12. காலை 6 மணிக்கு எழ வேண்டும். பிறகு டம்பெல், சுவரேறும் பயிற்சி. 7.15க்கு மின்சாரம் பற்றிப் படிப்பு. சாயங்காலம் பேச்சுப் பயிற்சி, நிமிர்ந்து நிற்கும் பயிற்சி. கீழே தீர்மானங்கள்: ஒருநாள் விட்டு ஒருநாள் குளியல், வாரம் ஒரு நல்ல புத்தகம் அல்லது பத்திரிகை, அப்பா அம்மாவிடம் இன்னும் நன்றாக நடந்துகொள்வது. வாரம் 5 டாலர் சேமிப்பு என்று எழுதி, அதை அடித்துவிட்டு 3 டாலர் என்று திருத்தியிருக்கிறான். உழைப்பால் உயர்ந்த அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் சுயசரிதையில் போட்ட அட்டவணையைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பையன் எந்தப் பரம்பரை என்பது உடனே புரியும்.

அவன் டெய்சியைப் பார்த்தது 1917ல். அட்டவணை அதற்குப் பதினோரு வருடம் முந்தியது. ஆக, டெய்சிக்காகத்தான் எல்லாம் என்பது நிற்காது. நிக் கட்டியது என்பதும் நிற்காது. என் மகன் இருந்திருந்தால் ஜேம்ஸ் ஜே. ஹில் மாதிரி ஆகியிருப்பான், நாட்டைக் கட்டியெழுப்ப உதவியிருப்பான் என்று சொல்வதும் அந்தப் பெரியவர்தான். ஹில் அந்த வட்டாரத்து ரயில்வே முதலாளி. வடமேற்கில் பசிபிக் கடற்கரை வரை தண்டவாளம் போட்டவர். நிக்கின் வாயிலிருந்தா வந்தது இது?

நிர்வாகி:

தூக்கக் கலக்கம் போன்ற கிண்டல்கள் வேண்டாமே, சாக்பீஸ் மேடம். புத்தகத்தைப் பற்றி மட்டும் பேசுவோம்.

கணக்குப்பிள்ளை:

இலக்கியம் எனக்கு அவ்வளவாகப் பிடிபடாது. இந்த நாவலை எண்களுக்காகப் படிக்கிறவன் நான்.

முதலில் ஒரு சில்லறைச் சமாசாரம். ‘ஹோபலாங் காசிடி’ நாவல் வெளிவந்ததே 1910ல். 1906ல் அந்தத் தாளில் எப்படி எழுதினான்? ஃபிட்ஸ்ஜெரால்ட் சறுக்கிய இடம் என்பார்கள். பழுப்பு ஏடு அண்ணனுக்கு நானே ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறேன், வேண்டுமானால் நிக்கின் கைவரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. நிக்கின் வாடகை மாதம் 80 டாலர். அக்கம்பக்கத்து மாளிகைகளுக்கு ஒரு சீசனுக்கு 12,000, 15,000. கல்யாணத்துக்கு முந்தின நாள் டாம் டெய்சிக்குக் கொடுத்த முத்துமாலை 3,50,000 டாலர். அந்தப் பையன் வாரம் 3 டாலர் சேர்த்து அந்த மாலையை வாங்க 2,200 வருடத்துக்கு மேல் ஆகும், கால்குலேட்டரில் போட்டே பார்த்தேன். 5 டாலரை அடித்து 3 ஆக்கியபோதே அட்டவணை தோற்றாயிற்று.

அப்புறம் எப்படிப் பணம் வந்தது? இந்த வீட்டை வாங்கிய பணத்தைச் சம்பாதிக்க மூன்றே வருடம்தான் பிடித்தது என்று ஒருமுறை கேட்ஸ்பி வாய் தவறிச் சொல்கிறான். பரம்பரைச் சொத்து என்றீர்களே என்று நிக் மடக்கியதும், போர்க்காலப் பீதியில் அது பெரும்பாலும் போய்விட்டது என்று சமாளிக்கிறான். 1922லிருந்து மூன்று வருடம் பின்னால் போங்கள். மதுவிலக்கு அமலுக்கு வந்தது 1920 ஜனவரி. மருந்துக்கடை என்ற பெயரில் சாராயம் விற்றதை டாம் போட்டு உடைப்பது ஏழாம் அத்தியாயத்தில். கேட்ஸ்பியை உருவாக்கியதே நான் என்று மார்தட்டும் சூதாடி உல்ஃப்ஷைம், 1919 பேஸ்பால் உலகத் தொடரை விலைபேசியவன்.

ஒழுங்காக உழைத்தவன் ஒருவன் இருக்கிறான், சாம்பல் மேட்டுக்கு நடுவில் கராஜ் வைத்திருக்கும் மிர்ட்டிலின் கணவன் வில்சன். டாமின் பழைய காரை வாங்கி விற்றால் நாலு காசு பார்க்கலாம் என்று கெஞ்சிக்கொண்டே இருக்கிறான். அவனுக்குக் கிடைத்தது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். இது கனவைப் பற்றிய நாவல் இல்லை. பரம்பரைப் பணம் புதுப்பணத்தை உள்ளே விடாது என்பதுதான் விஷயம். நாவலில் ‘அமெரிக்கக் கனவு’ என்ற சொல்லே கிடையாது. அதைப் பரவலாக்கியது ஜேம்ஸ் ட்ரஸ்லோ ஆடம்ஸ் 1931ல் எழுதிய வரலாற்றுப் புத்தகம். ஆறு வருடம் கழித்து வந்த லேபிளைப் பழைய புட்டியில் ஒட்டிவிட்டார்கள்.

மழைத்தவளை:

இத்தனை பேர் பேசுகிறீர்கள், டெய்சியை யாருமே மனுஷியாகப் பார்க்கவில்லையே. ஒருவர் கேட்ஸ்பியின் லட்சியம் என்கிறார், இன்னொருவர் முத்துமாலையின் விலை போடுகிறார்.

டெய்சிக்காக டாமும் கேட்ஸ்பியும் மோதும் ஹோட்டல் அறைக் காட்சியைத் திரும்பப் படியுங்கள். டாமை நான் ஒருநாளும் காதலித்ததில்லை என்று அவள் சொல்ல வேண்டுமாம். அதைத் தவிர வேறு எதுவும் கேட்ஸ்பிக்குப் போதாது. நீங்கள் ரொம்ப அதிகமாகக் கேட்கிறீர்கள், இப்போது உங்களைக் காதலிக்கிறேன், அது போதாதா, நடந்ததை என்னால் மாற்ற முடியாது என்கிறாள். அந்தப் புத்தகத்தில் ஒழுங்காகப் பேசப்பட்ட ஒரே பேச்சு அது. கேட்ட மாத்திரத்தில் கேட்ஸ்பியின் முகம் விழுந்துபோகிறது. ஐந்து வருடம் வீட்டுக்கு எதிரே நின்று வேவு பார்த்தவனைக் காதலன் என்கிறோம். இன்றைக்கு இப்படி ஒருவன் செய்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுப்போம்.

சாக்பீஸ்:

ஐந்து வருடமும் எதிரே நிற்கவில்லை தம்பி. போர், ஆக்ஸ்ஃபோர்டு எல்லாம் போக, எதிரே வீடு வாங்கியது பிறகுதான். ஆனால் நீ சொன்ன விஷயம் முக்கியமானது. டெய்சி மனத்துக்குள் நிக் போவதே இல்லை. அவள் குரலை மட்டும் வர்ணித்துக்கொண்டிருக்கிறான்.

மழைத்தவளை:

தங்கை. தம்பி இல்லை.

சாக்பீஸ்:

மன்னித்துக்கொள் அம்மா.

பழுப்பு ஏடு:

மேடம், அட்டவணை எனக்கு மறக்கவில்லை. அந்த இடத்தில் நான் கொஞ்சம் இறங்கித்தான் வர வேண்டும். பையனுக்கு ஆசை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அட்டவணையை விட, பெரியவர் பையிலிருந்து எடுத்துக் காட்டும் புகைப்படம்தான் என்னை உலுக்கியது. மகனின் மாளிகைப் படம். பலபேரிடம் காட்டிக் காட்டி மூலையெல்லாம் விரிசல் விட்டு, கைபட்டு அழுக்கேறிப் போயிருக்கிறது. அந்த மாளிகைக்குள்ளேயே நின்றுகொண்டு அதன் படத்தைக் காட்டுகிறார். எதிரே இருக்கும் வீட்டை விட அது அவருக்கு நிஜம்.

நிக் செய்வதும் இதையேதான் என்கிறேன். இரண்டு வருடம் கழித்து, ஆள் போன பிறகு, கையில் அழுக்கேறிய படத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறான். எதை எங்கே வைப்பது என்பதும் அவன் முடிவு. ஜேம்ஸ் காட்ஸ் என்ற ஏழைப் பையன் பதினேழு வயதில் கேட்ஸ்பி என்று பெயரை மாற்றிக்கொண்ட கதை ஆறாம் அத்தியாயத்தில் வருகிறது. கேட்ஸ்பி இதைப் பிற்பாடு வெகுநாள் கழித்துத்தான் சொன்னான், வதந்திகளை உடைக்க இங்கேயே போட்டுவிட்டேன் என்று நிக்கே எழுதுகிறான். ஹோட்டல் சண்டைக்கு முன்னாலேயே நம்மைக் கேட்ஸ்பி பக்கம் சாய்த்துவிட வேண்டும், அதுதான் காரியம். வழக்கறிஞர் வேலை.

இன்னொன்று. கையெழுத்துப் பிரதியைப் படித்த பதிப்பாசிரியர் மேக்ஸ்வெல் பெர்கின்ஸ், கேட்ஸ்பி மங்கலாக இருக்கிறான், கண்ணில் நிற்கவில்லை என்று எழுதினார். ஃபிட்ஸ்ஜெரால்டும் அதை ஒப்புக்கொண்டார். அந்த வெற்றிடத்தில் நிக் தன் சங்கதியை ஊற்றி வைத்திருக்கிறான். அவன் குடும்பத்துக்கு மொத்த இரும்புச் சாமான் வியாபாரம். ஆரம்பித்து வைத்த தாத்தாவின் அண்ணனோ தம்பியோ, உள்நாட்டுப் போருக்குத் தனக்குப் பதில் ஆள் அனுப்பிவிட்டு வியாபாரத்தில் உட்கார்ந்தவர். வலிக்காமல் வசதி வந்த வீட்டுப் பிள்ளைக்கு, வலித்து மேலே வந்தவனைப் பார்த்தால் காவியம் எழுதத் தோன்றாதா?

கணக்குப்பிள்ளை:

ஆள் அனுப்பிய விவரம் எனக்குப் பிடித்துப்போயிற்று. அதையும் பேரேட்டில் ஏற்றிக்கொள்கிறேன்.

சாக்பீஸ்:

பெர்கின்ஸை இழுத்தீர்கள், நானும் இழுக்கிறேன். புத்தகம் அச்சாகி வெளிவரப்போகும் நேரத்தில், தலைப்பை ‘சிவப்பு, வெள்ளை, நீலத்தின் கீழ்’ என்று மாற்ற முடியுமா என்று ஐரோப்பாவிலிருந்து தந்தி அடித்தவர் ஃபிட்ஸ்ஜெரால்ட். அமெரிக்கக் கொடியின் நிறங்கள். நேரம் கடந்துவிட்டது, பழைய தலைப்பே நின்றது. 1931ல் லேபிள் ஒட்டினார்கள் என்கிறார் கணக்குப்பிள்ளை. சரக்கு 1925லேயே புட்டிக்குள் இருந்தது.

நிக் பொய்யன் என்பதற்கு நீங்கள் காட்டும் சாட்சி அத்தனையும் யார் கொடுத்தது? ஊர்ப் பெண்ணுக்கு எழுதிய கடிதம், டாமிடம் சொல்லாமல் விட்டது, கதையின் வரிசையை மாற்றியது, எல்லாம் நிக் வாய்மொழி. நிஜமாகவே ஏமாற்றுகிறவன் இதையெல்லாம் மறைத்திருப்பான். கடைசியில் ஜோர்டன் அவன் முகத்துக்கு நேராக, உன்னை நேர்மையானவன் என்று நினைத்தேன், அதுதான் உன் ரகசியப் பெருமை என்றும் நினைத்தேன் என்கிறாள். எனக்கு முப்பது வயதாகிறது, எனக்கு நானே பொய் சொல்லி அதைக் கௌரவம் என்று சொல்லிக்கொள்ளும் வயது தாண்டி ஐந்து வருடம் ஆயிற்று என்கிறான். அந்த அடியை வாங்கிக்கொண்டதோடு நிற்காமல் எழுதியும் வைக்கிறான்.

மழைத்தவளை:

டெய்சிக்கு அந்த வாய்ப்புக்கூடக் கிடைக்கவில்லை. ஜோர்டனாவது திருப்பிக் கேட்டுவிட்டுப் போகிறாள். டெய்சி கேட்ஸ்பியின் சாவுக்கு ஒரு பூகூட அனுப்பவில்லை என்று சொல்லி முடித்துவிடுகிறான். அவளுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதே நமக்குத் தெரியாது.

பழுப்பு ஏடு:

நல்ல இடம். நான் கவனிக்கவே இல்லை.

மேடம், உங்களுக்கு ஒரே ஒரு காட்சி. ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி நிக் கடைசியாக அந்த மாளிகையைப் பார்க்கப் போகிறான். வெள்ளைப் படிக்கட்டில் ஏதோ ஒரு பையன் செங்கல் துண்டால் கெட்டவார்த்தை கிறுக்கி வைத்திருக்கிறான். நிலா வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிகிறது. நிக் அதைச் செருப்புக்காலால் கல் தேயத் தேய்த்து அழிக்கிறான். அப்புறம்தான் கடற்கரைக்குப் போய்ப் படுத்துக்கொண்டு டச்சு மாலுமிகளை நினைக்கிறான். முதலில் அழித்தான், பிறகு அந்த இடத்தில் தன் வரியை எழுதினான்.

சாக்பீஸ்:

அழித்தேன் என்று அவன்தானே சொல்கிறான்.

பழுப்பு ஏடு:

அழித்ததைச் சொல்கிறான். அங்கே எழுதியிருந்தது என்ன வார்த்தை என்று சொல்லவில்லையே.